பனிக்காலத்திலும் காற்றோட்டம் கேட்கும் கோழிக் கூண்டு

கோழி நம் பக்கத்துப் பறவை. உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளுக்கு மூதாதையான செங்காட்டுக்கோழி தென்கிழக்காசியக் காடுகளைச் சேர்ந்தது. சிங்கப்பூரின் புலாவ் உபினில் இன்றும் அதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வெப்பமண்டலப் பறவை, கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் இரவுகளில் வீட்டுக் கொல்லையில் எப்படிப் பிழைக்கிறது?

கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி. வெளிக்காற்றுக்கும் அதற்கும் 61 டிகிரி வேறுபாடு! குளிரில் கோழி இறகைச் சிலிர்த்துப் பந்துபோல் உட்காரும். இறகுகளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தை அரிதில் கடத்தும். காலில் இறகில்லை, ஆனால் பாதத்துக்கு இறங்கும் சூடான இரத்தம், மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தத்துக்கு வழியிலேயே வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. இதற்கு எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்று பெயர்.

ஆகவே கோழி அடையும் கட்டை தட்டையான மரப்பலகையாக, அகலமான பக்கம் மேலே இருக்கும்படி அமைய வேண்டும். அப்போதுதான் வயிற்று இறகு விரல்களை மூடும். இரும்புக் குழாய் வேண்டாம். ஏன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். குளிர் என்றதும் கூண்டின் எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடத் தோன்றும். அதுதான் ஆபத்து. கோழி மூச்சில் நீராவியை விடுகிறது. எச்சத்திலும் பெரும்பகுதி நீர். அடைத்த கூண்டில் இந்த ஈரம் வெளியேறாமல், ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, குளிர்ந்த சுவர்களில் சுருங்கி நீராகிறது. இறகில்லாத கொண்டையிலும் ஈரம் படிகிறது. ஈரக் கொண்டை எளிதில் உறையும். திசு இறந்து கறுத்துப்போகும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வேறு கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும்.

எனவே கூரைக்குச் சற்றுக் கீழே, அடையும் கோழிகளின் தலைக்கு மேலே, திறப்புகள் வேண்டும். சூடான ஈரக்காற்று வெப்பச்சலனத்தால் மேலெழுந்து வெளியேறும். கோழி உட்காரும் உயரத்தில் மட்டும் இடுக்கு இருக்கக்கூடாது. அங்கே வீசும் காற்று, இறகு பிடித்துவைத்த வெப்பத்தைக் கலைத்துவிடும். குளிராக இருந்தாலும் வறண்ட கூண்டே, கதகதப்பான ஈரக் கூண்டைவிட நல்லது. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் உறைபனி படிந்திருந்தால், காற்றோட்டம் போதவில்லை என்று அறியலாம்.

வெப்ப விளக்கு? வைக்கோலும் இறகுத் தூசியும் நிறைந்த இடத்தில் அது தீ விபத்துக்கு வழி. குடிநீர் உறையாமல் பார்ப்பதே மேல். தண்ணீர் கிடைக்காத கோழி தீனியையும் குறைத்துக்கொள்ளும். மாலையில் கொஞ்சம் சோளம் போடுவார்கள். இரவில் அது செரிக்கும்போது உடலில் வெப்பம் உண்டாகும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கியூபெக்கின் ஓகா மடத்தில் வாழ்ந்த துறவி வில்ஃபிரெட் ஷாதலேன், கூண்டை விட்டுக் கோழியையே மாற்றப் பார்த்தார். பல இனங்களைக் கலந்து அவர் உருவாக்கிய ஷாந்தெக்லேர் இனத்துக்குக் கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. உறைவதற்குப் பரப்பே குறைவு!

ஒரு கேள்வி: நம் கம்பத்துச் சேவலுக்கு அவ்வளவு பெரிய சிவந்த கொண்டை எதற்கு? பரப்பளவு, இரத்த ஓட்டம், வெப்ப இழப்பு ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தி விடை எழுதுங்கள்.