எல்லாமே அவசரம் என்றால் எது அவசரம்?



வேலைக்குப் போய் ஓரிரு வருடம் ஆனவர்களை மனதில் வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன். கிளைக் கூட்டங்களில் உங்களைப் பார்க்கும்போது சம்பளம், ஓவர்டைம் பற்றிய குறைகளைவிட இன்னொரு குறையைத்தான் இப்போது அதிகம் கேட்கிறேன். "அண்ணா, வேலையைக்கூட செஞ்சிடலாம். இந்த மெசேஜைத்தான் தாங்க முடியல." கம்பெனி மின்னஞ்சல் ஒரு பக்கம், டீம்ஸ் ஒரு பக்கம். ஷிப்டுக்கு ஒரு புலனக் குழு, பாதுகாப்புக்கு ஒன்று, மேனேஜர் இருக்கும் குழு ஒன்று, மேனேஜர் இல்லாத குழு ஒன்று. போதாததற்குக் காலையில் தாமரைப்பூ படத்தோடு வரும் வணக்கங்கள் வேறு.

இதற்குத் தகவல் சுமை என்று பெயர். "எனக்குத்தான் திறமை போதலையோ" என்று பலர் உள்ளுக்குள் நினைத்துக்கொள்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் ஓரமாக வையுங்கள்.

நான் ஜொகூரில் ஓர் இரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறவன். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லித் தரும் சம்பவம் ஒன்று உண்டு. 1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்டு ஹேவன் ஊருக்கு அருகே ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. காலையில் பலத்த இடி மின்னல். ஆலையின் பல பகுதிகள் தடுமாறின. ஒரு கலத்திலிருந்து திரவத்தை வெளியே விட வேண்டிய வால்வு மூடியே கிடந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அது திறந்திருப்பதாகக் காட்டியது. உள்ளே திரவம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அல்ல, பல மணி நேரம். கடைசியில் ஒரு குழாய் உடைந்து சுமார் 20 டன் எரிபொருள் வெளியேறி வெடித்தது. 26 பேருக்குக் காயம். ஞாயிறு மதியம் என்பதால் ஆலையில் ஆட்கள் குறைவு; உயிர்ச்சேதம் இல்லை.

அறையில் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா? இல்லை. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் மட்டும் இரண்டு ஆப்பரேட்டர்கள் முன்னால் 275 எச்சரிக்கைகள் அடித்தன. கணக்குப் போட்டால் 2.4 வினாடிக்கு ஒன்று. ஒன்றை நிறுத்தக் கையை நீட்டுவதற்குள் அடுத்தது வந்துவிடும். உண்மையான ஆபத்தைச் சொன்ன எச்சரிக்கைகள் அந்தக் கூச்சலுக்குள்ளேயே காணாமல் போயின. விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. அங்கே அமைத்திருந்த 2,040 எச்சரிக்கைகளில் 87 விழுக்காடு 'உயர் முன்னுரிமை' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தன. வெறும் தகவலுக்காக வைத்ததுகூட அவசரம் என்றே கத்தியது.

இதற்குப் பிறகு, 1999-இல், எங்கள் துறைக்கு ஒரு வழிகாட்டி நூல் வந்தது. ஆலை அமைதியாக ஓடும்போது ஓர் ஆப்பரேட்டருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கைதான் வரலாம் என்று அது சொல்கிறது. மொத்தத்தில் 5 விழுக்காடு மட்டுமே உயர் முன்னுரிமையாக இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு ஒன்று: கேட்பவர் செய்ய வேண்டிய காரியம் ஏதும் இல்லையென்றால் அதை எச்சரிக்கையாக வைக்கவே கூடாது. கவனியுங்கள், "ஆப்பரேட்டர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்" என்பதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. மணியை யார் பொருத்தினார்கள், எதற்காகப் பொருத்தினார்கள் என்று கேட்டார்கள்.

உங்கள் கைப்பேசிக்கும் இதே கேள்விதான். தியானம் செய், நேரத்தை ஒழுங்குபடுத்து, போனைத் தள்ளி வை என்று அறிவுரை சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1971-இல் வெளிவந்த கட்டுரையிலேயே இதைத் தெளிவாக்கினார். தகவல் சும்மா வருவதில்லை, பெறுகிறவரின் கவனத்தைத் தின்றுகொண்டு வருகிறது என்பதுதான் அவர் வாதம். அனுப்புகிறவருக்கு ஒரு காசு செலவில்லை. ஐம்பது பேருக்கு ஃபார்வர்டு செய்ய ஒரு விரல் போதும். அதில் தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கும் வேலையை ஐம்பது பேரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் பெரட்டு. எல்லாரும் ஒரே களத்தில் நிற்பார்கள், பேர் கூப்பிடுவார்கள், இன்றைக்கு யாருக்கு எந்த நிரை என்று சொல்வார்கள். கலைந்த பிறகு மரமும் கத்தியும்தான். உத்தரவு எங்கிருந்து வரும், எப்போது வரும் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பெரட்டில் திருப்பிக் கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆனால் 'உத்தரவு வரும் இடம் ஒன்று' என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இடம் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பி காரணம் கோரும் கடிதத்தோடு என்னிடம் வந்தார். தொழிற்சாலையில் சேர்ந்து ஐந்து மாதம். ஷிப்ட் மாற்றத்தை மேற்பார்வையாளர் ஒரு குழுவில் போட்டிருக்கிறார். பிறந்தநாள் வாழ்த்து, கேன்டீன் மெனு, தொலைந்துபோன சாவி, இவற்றுக்கு நடுவில். தம்பி அந்தக் குழுவைத் திறந்தார், நீல டிக் விழுந்துவிட்டது. ஆனால் அந்த வரி கண்ணில் படவில்லை. மறுநாள் ஆள் இல்லாமல் இயந்திரம் நின்றது. "படிச்சிட்டு வரல" என்பது குற்றச்சாட்டு. பதில் கடிதத்தில் கெஞ்சல் வேண்டாம் என்றேன். ஷிப்ட் உத்தரவு இதுவரை எந்தெந்தக் குழுக்களில் வந்தது, எத்தனை முறை இடம் மாறியது என்று தேதியோடு எழுதச் சொன்னேன். நான்கு மாதத்தில் மூன்று இடம். எச்சரிக்கையோடு விட்டார்கள். பிறகு அந்தத் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றம் பஞ்ச் கார்டு இயந்திரத்துக்குப் பக்கத்துப் பலகையிலும் ஒட்டப்படுகிறதாம். அவருக்கு அந்த மாதம் தூக்கம் போனதுதான் மிச்சம்.

நீல டிக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் அந்த விளக்கு காட்டியது, 'மூடு என்ற கட்டளை போய்விட்டது' என்பதை மட்டும்தான். வால்வு கேட்டதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையம் ஓரளவு உருகியே போனது. "நான்தான் சொல்லிட்டேன்ல?" என்று அலுவலகத்தில் யாராவது கத்தும்போதெல்லாம் எனக்கு அந்த விளக்குதான் ஞாபகம் வரும்.

அதனால் எங்கள் அறையில் வாக்கிடாக்கியில் ஓர் உத்தரவு போனால், கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "பம்பு ரெண்டை நிறுத்து." "பம்பு ரெண்டை நிறுத்துறேன்." "சரி." கப்பலிலும் விமானத்திலும் இதே பழக்கம்தான். மலாய், ஆங்கிலம், தமிழ், நேப்பாளி எல்லாம் கலந்து ஓடும் எங்களைப் போன்ற இடத்தில் இது உயிர் காக்கும். புதிதாக வருகிற பிள்ளைகள் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். மேலாளர் வாய்வார்த்தையாக ஏதாவது சொன்னால், "போஸ், நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த ரெண்டு அறிக்கை மட்டும்தானே?" என்று கேளுங்கள். யாரும் உங்களை முட்டாள் என்று நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் நினைக்கட்டும், காரண கடிதத்தைவிட அது மேல்.

பெறுகிற பக்கம் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிடுங்கள்: எனக்கு உத்தரவு எதில் வரும்? அவசரம் என்றால் எதில் வரும்? "அவசரம்னா கூப்பிடுங்க போஸ், மெசேஜை நான் பத்து மணிக்கும் மூணு மணிக்கும் பார்க்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலான மேலாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். தேவை அவர்களுக்கும்தானே. உத்தரவு வராத குழுக்களின் ஒலியை அடைத்துவிடுங்கள். விலக வேண்டியதில்லை, மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். செய்ய வேண்டியது எதையும் குழுவிலேயே விட்டுவைக்காமல் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நடுநடுவே எட்டிப் பார்ப்பதால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதியிருக்கிறார்: முடிக்காத வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும்போது, மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது. இரண்டும் அரைகுறை.

அனுப்புகிற பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கே நாமும் சளைத்தவர்கள் இல்லை. நம் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழுவில் வந்த ஒரு செய்தியின் சாயல் இது: "வணக்கம் அனைவருக்கும், போன வருஷம் தண்ணி பத்தாம போச்சு, இந்த வருஷம் அப்படி ஆகக்கூடாது, யாராவது பார்த்துக்கொள்ளவும், நன்றி." 180 பேர் படித்தார்கள், 40 பேர் கைகூப்பினார்கள், ஒருவரும் தோம்பைத் தூக்கவில்லை. 'யாராவது' என்று ஒருவர் நம் கிளையில் உறுப்பினராகவே இல்லையே!

இந்த வருடம் செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன்: அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் அட்மின் மட்டும் எழுதலாம், அரட்டைக்கும் படங்களுக்கும் இன்னொன்று, அன்றைய தினம் அவசரம் என்றால் போன் மட்டும். அறிவிப்புக் குழுவில் வரும் எதற்கும் முதல் வரியில் ஆள், காரியம், நேரம் மூன்றும் இருக்க வேண்டும். "கணேசன் அணி 6 பேர்: சனி மாலை 5 மணிக்குள் 10 தோம்பு பந்தலுக்கு வர வேண்டும், வந்ததும் எண்ணிக்கையை எழுதவும்." கைகூப்பும் படம் பதிலாக ஏற்கப்படாது. "10 வந்துவிட்டது" என்று எழுதினால்தான் கணக்கு.