எழுத்து மாறினாலும் கடிதம் அழியவில்லை

இடம்பெயர்ந்த நாம் கொடுத்த காணி விண்ணப்பங்களும் இழப்பு விபரங்களும் பல பணிமனைகளில் பழைய கணினிகளிலேயே உள்ளன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. ஆகவே புதியதற்கு மாறும்போது நாம் கவனமாயிருக்க வேண்டும்.

வன்தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவியபின் பழைய கடிதத்தைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தெரியலாம். பயந்து அழித்துவிடக் கூடாது. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுவது. கடிதம் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. மாற்றுமுன் கடிதங்களையும் எழுத்துருக் கோப்பையும் இரண்டு பென்டிரைவ்களில் பிரதி எடுப்போம். விதைநெல் முழுவதையும் நாம் ஒரே மூடையில் வைப்பதில்லை.

2. மாற்றியபின் அந்த எழுத்துருவை மீண்டும் நிறுவுவோம்.

3. அச்சுப்பொறி வேலை செய்யாவிட்டால், பழுதென்று ஒதுக்குமுன் புதிய இயங்குதளத்துக்கான அதன் இயக்கி மென்பொருளைத் தேடுவோம்.

4. கடிதங்களை யூனிகோட் எழுத்துக்கு மாற்றி, பெயர், காணி இலக்கம், எல்லைகளை மூலத்தோடு ஒப்பிடுவோம். மூலத்தையும் அச்சுப் பிரதியையும் பத்திரப்படுத்துவோம்.

எல்லையைச் சொல்லும் ஒரு வரி தொலைந்தாலும், நம் காணிக்குத் திரும்பும் வழி கடினமாகிவிடும்.