முதுகில் அடிபட்டவருக்கு ஒரு கம்ப்யூட்டர் பாடம்

ராயக்கோட்டையில் தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்குபவர், பூந்தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவர், ஓசூர் சிப்காட்டில் உள்ள தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குச் செல்பவர், அந்தச் சாலைகளில் தினமும் பைக் ஓட்டுபவர் என எல்லோருக்கும் ஒரு பொதுவான ஆபத்து உண்டு. ஒரு நாள் முதுகில் அடிபடும். சிலருக்கு ஓரிரு மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் அந்த வலி வருடக் கணக்கில் கூடவே இருக்கும். பளு தூக்கும் வேலையை விட்டுவிட்டு, ‘இனி உட்கார்ந்து செய்யும் வேலைதான்’ என்று முடிவு செய்து வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இவர்களில் பலர். கணக்கு எழுதலாம், டைப்பிங் வேலை எடுக்கலாம், விண்ணப்பங்கள் நிரப்பித் தரலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் உட்காருவதும் முதுகுக்கு ஒரு வேலைதான் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடுகிறது.

கம்ப்யூட்டரை உடம்புக்கு ஏற்ற மாதிரி அமைப்பது எப்படி, அதே கம்ப்யூட்டரை வலியைச் சமாளிக்கும் கருவியாகப் பயன்படுத்துவது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

முதலில் டாக்டர்

இங்கே சொல்லப்படுபவை, டாக்டர் பார்த்து ஆபத்து எதுவும் இல்லை என்று சொன்ன, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கானவை. கால் மரத்துப் போவது அல்லது பலம் குறைவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி இல்லாமல் போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, வலியுடன் காய்ச்சல் வருவது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். அவற்றில் பல, வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கக்கூடியவை.

காயம் ஆறியும் ஏன் வலிக்கிறது?

அடிபட்ட தசையும் தசைநாரும் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் ஆறிவிடுகின்றன. அதன் பிறகும் வலி தொடர்ந்தால், உள்ளே ஏதோ இன்னும் உடைந்து கொண்டிருக்கிறது என்று பொருள் இல்லை. நரம்பு மண்டலம் கூர்மையாகி, சிறிய அசைவுக்கும் பெரிய எச்சரிக்கை கொடுக்கப் பழகிவிடுகிறது. நல்ல பைலைக்கூட வைரஸ் என்று கத்தும் ஆன்டி வைரஸ் புரோகிராமை நினைத்துக் கொள்ளுங்கள். எச்சரிக்கை உண்மையானது. ஆனால் அது சொல்லும் அளவுக்கு ஆபத்து இருப்பதில்லை. அதற்காக வலி கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. வலி வலிதான்.

புதிதாக இன்டர்நெட் வசதி பெற்றவர்கள் முதலில் செய்யும் காரியம், தங்கள் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் உள்ள சொற்களை கூகுளில் டைப் செய்து பார்ப்பது. டிஸ்க் தேய்மானம், டிஸ்க் பிதுக்கம் என்று படித்ததும் கை கால் ஓடாது. இவர்களுக்கு ஒரு தகவல். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வுக் கட்டுரை 2015ல் வெளியானது. அதன்படி 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் இது 96 சதவீதம். நரை முடி போல வயதுடன் வரும் மாற்றங்கள் பல ரிப்போர்ட்டில் இடம்பெறும். எது உங்கள் வலிக்குக் காரணம் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள், தேடல் தளத்திடம் வேண்டாம்.

படுத்தே இருந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் பழையது. திடீர் முதுகு வலி வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டு நாட்களும், இன்னொரு பிரிவினருக்கு ஏழு நாட்களும் படுக்கை ஓய்வு தரச் சொல்லி அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து, 1986ல் அதன் முடிவு வெளியானது. ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. வேலைக்குப் போகாத நாட்கள்தான் அவர்களுக்கு அதிகமாயின.

டேபிளும் நாற்காலியும்

1960களில் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், உயிருடன் இருப்பவர்களின் முதுகெலும்பு டிஸ்க்கில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் அதிகம் என்று கண்டார். 1999ல் ஜெர்மனியில் ஒருவரிடம் மீண்டும் அளந்து பார்த்தபோது, தளர்வாக உட்காருவதற்கும் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முன்னே குனிந்து உட்கார்ந்ததும் அழுத்தம் நன்றாக உயர்ந்தது. குனிவதைக் குறைக்க வேண்டும், ஒரே நிலையில் நெடுநேரம் இருக்கக் கூடாது என்ற இரண்டையும் மனதில் வைத்துக் கொண்டு கீழே உள்ளவற்றைச் செய்திடுங்கள்.

1. விலை உயர்ந்த நாற்காலி கட்டாயம் இல்லை. வீட்டில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் பின்னால் நன்றாகத் தள்ளி உட்கார்ந்து, இடுப்பின் வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பாதம் தரையில் முழுதாகப் படியவில்லை என்றால் காலடியில் ஒரு பலகை போடுங்கள்.

2. மானிட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். தூரம் ஏறக்குறைய ஒரு கை நீளம்.

3. கீ போர்டும் மவுஸும் முழங்கை உயரத்தில், எட்டிப் பிடிக்காமல் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

4. லேப்டாப்பில் திரையும் கீ போர்டும் ஒன்றாக இருப்பதால், ஒன்று சரியாக இருந்தால் மற்றொன்று தவறாக இருக்கும். லேப்டாப்பைக் கனமான புத்தகங்கள் மீது உயர்த்தி வைத்து, தனியாக ஒரு யு.எஸ்.பி. கீ போர்டும் மவுஸும் இணைத்துக் கொள்ளுங்கள். பாயில் சம்மணமிட்டு, மடியில் வைத்து வேலை செய்வதைத் தவிருங்கள்.

5. சி.பி.யு. பெட்டியைத் தரையில் வைத்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யவும் பென் டிரைவ் செருகவும் குனிய வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் மீது வையுங்கள். அல்லது யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் ஒன்றை டேபிள் மேல் கொண்டு வாருங்கள். யு.பி.எஸ். பெட்டி பார்வைக்குச் சிறியது, எடை அதிகம். அதை நகர்த்தும் வேலையை வீட்டில் வேறு ஒருவரிடம் விடுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள்

கழுத்தையும் முதுகையும் முன்னே இழுப்பது பல நேரங்களில் சின்ன எழுத்துதான். விண்டோஸ் 11 சிஸ்டத்தில் ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து, செட்டிங்ஸ் பிரிவைத் திறந்து, ஆக்சஸிபிலிட்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே டெக்ஸ்ட் சைஸ் என்பதில் உள்ள ஸ்லைடரை வலது பக்கம் இழுத்து, அப்ளை கொடுங்கள். அதே ஆக்சஸிபிலிட்டி பிரிவில் மவுஸ் பாயிண்டரையும் பெரிதாக்கலாம். பிரவுசரில் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு பிளஸ் கீயைத் தட்டினால் அந்தத் தளம் மட்டும் பெரிதாகும். பழையபடி ஆக்க, கண்ட்ரோலுடன் பூஜ்யத்தைத் தட்டுங்கள்.

வலியைக் கேட்காதீர்கள், கடிகாரத்தைக் கேளுங்கள்

வலி குறைவாக உள்ள நாளில் மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எல்லா வேலையையும் முடிப்போம். அடுத்த இரண்டு நாட்கள் எழுந்திருக்கவே முடியாது. மீண்டும் ஒரு நல்ல நாள், மீண்டும் மூன்று மணி நேரம். இப்படியே போனால் நாளாக ஆக உட்காரும் திறன் குறைந்து கொண்டே வரும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், நாள்பட்ட வலி பற்றி 1976ல் எழுதிய நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார். வலி வந்ததும் நிறுத்துவது, வலி இல்லாவிட்டால் தொடர்வது என்று இல்லாமல், முன்கூட்டியே வைத்த அளவுப்படி வேலை செய்து, அந்த அளவைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும் என்பதே அந்த வழி.

இந்த அளவைக் கண்டுபிடிக்க எக்ஸெல் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

புதிய ஒர்க்ஷீட்டில் முதல் வரிசையில் நான்கு தலைப்புகள் கொடுங்கள்: தேதி, உட்கார்ந்த நிமிடம், வலி, குறிப்பு. வலிக்கு பூஜ்யம் முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். ஒரு வாரம், வலி அதிகமாகி எழ வேண்டும் என்று தோன்றும்வரை எத்தனை நிமிடம் உட்கார முடிந்தது என்று தினமும் பதியுங்கள். எடுத்துக்காட்டாக 25, 15, 20, 30, 10, 25, 15 என்று வருவதாக வைத்துக் கொள்வோம். கடைசி எண்ணுக்குக் கீழே உள்ள கட்டத்தில் கிளிக் செய்து, ஹோம் டேபில் ஆட்டோசம் பட்டனை ஒட்டியுள்ள சிறிய அம்புக்குறியைத் திறந்து, ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். சராசரி 20 என்று கிடைக்கும்.

இந்தச் சராசரிக்குச் சற்றுக் கீழே, 15 நிமிடத்தில் தொடங்குங்கள். இனி 15 நிமிடம் உட்கார்ந்ததும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுந்து, இரண்டு மூன்று நிமிடம் நடந்துவிட்டுத் திரும்புங்கள். மூன்று நாட்களுக்கு ஒரு நிமிடம் கூட்டினால் ஒரு மாதத்தில் 25 நிமிடம் ஆகிவிடும். நல்ல நாளிலும் அளவைத் தாண்டாதீர்கள். வலி மிகுந்த நாளில் அளவைப் பாதியாக்கலாம், முழுதாக விட்டுவிட வேண்டாம்.

மாதம் ஒரு முறை நிமிடங்களையும் வலியையும் செலக்ட் செய்து, இன்சர்ட் டேபில் லைன் சார்ட் கொடுத்துப் பாருங்கள். வலிக் கோடு அதே உயரத்தில் இருக்கும்போதே நிமிடக் கோடு மேலே ஏறுவது தெரியலாம். அதுவும் முன்னேற்றம்தான். டாக்டரிடம் போகும்போது இதை பிரிண்ட் எடுத்துச் செல்லுங்கள். ‘ரொம்ப வலிக்குது’ என்று வாயால் சொல்வதைவிட இது அவருக்கு அதிகம் சொல்லும்.

டைமர் வைப்பது எப்படி?

வேலையில் மூழ்கிவிட்டால் நேரம் தெரியாது. விண்டோஸில் கிளாக் என்ற புரோகிராம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திறந்து, டைமர் பிரிவில் பிளஸ் குறியைக் கிளிக் செய்து, 15 நிமிடம் என அமைத்து சேவ் செய்திடுங்கள். உட்காரும்போது ஸ்டார்ட் கொடுங்கள். மணி அடித்ததும் கண்ட்ரோல் மற்றும் எஸ் கீகளை அழுத்திச் செய்த வேலையை சேவ் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள். ‘இந்த ஒரு பக்கம் மட்டும்’ என்ற பேச்சு வேண்டாம்.

நின்றபடியே டைப் செய்யலாம்

நீண்ட கடிதம் எழுத உட்காரத் தேவையில்லை. குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் தேர்ந்தெடுங்கள். இடது பக்கம் மைக் படம் வரும். அதன் மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்து, மைக்கைக் கிளிக் செய்து பேசினால் எழுத்துகள் திரையில் வரும். இன்டர்நெட் இணைப்பும், மைக் உள்ள ஹெட்போனும் தேவை. தெலுங்கும் கன்னடமும் இந்தப் பட்டியலில் இருப்பதால், மூன்று மொழியும் புழங்கும் ராயக்கோட்டை வீடுகளுக்கு இது இன்னும் வசதி. பிழைகள் வரும். அவற்றைப் பிறகு ஒரு 15 நிமிடத்தில் திருத்திக் கொள்ளலாம்.

உதவி எங்கே?

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டிற்கே வந்து பிசியோதெரபி தருவதும் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்களுக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ல் திறந்து வைக்கப்பட்டது. வேலையிடத்தில் அடிபட்டவர் இ.எஸ்.ஐ. உறுப்பினர் என்றால், சிகிச்சையுடன் ஊனத்திற்கான பணப் பலனும் கேட்க வழி உண்டு. அதற்கு விபத்து அறிக்கை, டிஸ்சார்ஜ் தாள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் தேவைப்படலாம். ஒவ்வொன்றையும் மொபைலில் படம் எடுத்து, தேதியைப் பெயராக வைத்து, கம்ப்யூட்டரில் ஒரே போல்டரில் சேமியுங்கள். பென் டிரைவில் ஒரு பிரதியும் வையுங்கள்.

2020ல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்குக் கீழ் முதுகு வலி இருந்ததாக மதிப்பிடப்பட்டது. நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கான வழிகாட்டுதல்களை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி போன்றவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. எனவே இன்டர்நெட்டில் ‘ஏழே நாளில் குணம்’ என்று வரும் பெல்ட், எண்ணெய் விளம்பரங்களில் கிளிக் செய்து பணத்தை விடாதீர்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை மூன்று. துண்டைச் சுருட்டி முதுகுக்கு வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். எக்ஸெல்லில் முதல் வரியைப் பதியுங்கள். ஒரு வாரம் கழித்துச் சராசரி போடும்போது, உங்கள் முதுகு எவ்வளவு தாங்கும் என்பது எண்ணாகவே உங்கள் கையில் இருக்கும்.