உருவொப்பும் உறவும்
(சீப்பு இழுதும் இழுதுமீனும்)

தமிழாசிரியர் ஒருவர் விழா மலரில் எழுதப் புகுந்தால் இலக்கணமோ இலக்கியமோ வருமென்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். நாம் இம்முறை கடல்வாழ் உயிர்களைப் பற்றி எழுத நேர்ந்தது, மாணாக்கன் ஒருவனுக்கு நாம் இறுக்க வேண்டிய கடன் ஒன்று இருத்தலினாலாம்.

சில ஆண்டுகளின் முன், கரைவலை இழுத்த இடத்திலிருந்து அவன் கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளே கடல்நீரும், நெல்லிக்காயளவான பளிங்கு போன்ற உயிரொன்றும் இருந்தன. "ஐயா, இது என்ன?" என்றான். "இழுதுமீன், சொறிமுட்டை என்பார்களே, அதன் குஞ்சு" என்றோம். "கையில் எடுத்தேன் ஐயா, சொறியவில்லையே" என்றான். மணி அடித்தது, விடை கூறாமலே அகன்றோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் அவனது ஐயம் நேரியது, நமது விடையே பிழையானது எனத் தெளிந்தோம்.

அவன் கொணர்ந்தது சீப்பு இழுது. அறிவியலார் இவ்வினத்துக்கு வழங்கும் டெனோபோரா என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'சீப்பைத் தாங்குவது' என்பது பொருள். இதன் உடலில் எட்டு வரிசைகள் நெடுக ஓடுகின்றன. ஒவ்வொரு வரிசையிலும் நுண்மயிர்கள் ஒன்றுகூடிச் சீப்புப் போன்ற தகடுகளாய் அமைந்துள்ளன. அவை ஒன்றன்பின் ஒன்றாய் அசைந்து நீரைத் தள்ள, உயிர் மெல்ல நகரும். இழுதுமீனோ குடை போன்ற தன் உடலைச் சுருக்கியும் விரித்தும் நீரை உந்திச் செல்வது. ஆகவே இயக்கத்தை நோக்கினாலே இரண்டையும் வேறு பிரிக்கலாம்.

சீப்புகளின்மீது வானவில் நிறங்கள் ஓடக் காண்போர், அவ்வுயிர் தானே ஒளிர்வதாக எண்ணுவர். அது, புறத்தேயிருந்து விழும் ஒளி தகடுகளிற் பட்டுச் சிதறுவதால் தோன்றும் நிறமாகும். இவ்வினத்துட் பல இருளில் நீலப்பச்சை ஒளியைத் தாமே உண்டாக்குவதும் உண்டு, அது வேறு.

இரை பற்றும் முறையிலும் வேற்றுமை உளது. இழுதுமீனின் உணர்கொம்புகளில் நச்சு முள்ளைச் செலுத்தும் கொட்டும் கலங்கள் உள. சீப்பு இழுதிலோ பசை போல் ஒட்டிப் பிடிக்கும் கலங்களே உள. மாணாக்கனின் கை சொறியாமைக்குக் காரணம் இதுவே. எக்கேலியா என்னும் ஒருவகை மட்டும், தான் உண்ட இழுதுமீனின் கொட்டும் கலங்களைச் செரிக்காது காத்துத் தனதாக்கிப் பயன்படுத்தும்.

வளர்ச்சியிலும் வேற்றுமை உண்டு. இழுதுமீன்களுட் பல, இளமையில் பாறை முதலியவற்றிற் பற்றிக்கொண்டு வாழ்ந்து, பின்னரே நீந்தும் உருவம் பெறும். சீப்பு இழுதுக்கு அந்நிலை இல்லை.

பண்டை நூல்கள் இரண்டையும் குழியுடலிகள் என ஒரே தொகுதியில் அடக்கின. இன்று அவை வெவ்வேறு தொகுதிகளாம். 2023ஆம் ஆண்டில் வெளியான நிறமூர்த்த ஆய்வு ஒன்று, விலங்குக் குலத்தின் அடிமரத்திலிருந்து முதன்முதற் பிரிந்த கிளை சீப்பு இழுதே எனக் காட்டிற்று. கடற்பஞ்சே முதற்கிளை என்பாரும் உளர்; வழக்கு முடிந்தபாடில்லை. ஆய்வு கூறுவது மெய்யாயின், இழுதுமீன் சீப்பு இழுதுக்கு உறவாவதினும் மனிதராகிய நமக்கே நெருங்கிய உறவாகும்!

இவ்வேற்றுமையை அறிவதனால் பயன் யாதெனிற் கூறுதும். அமெரிக்கக் கண்டத்தின் அத்திலாந்திக் கரைக்குரிய நெமியொப்சிசு என்னும் சீப்பு இழுது, 1980களின் தொடக்கத்தில் கருங்கடலிற் புகுந்தது. கப்பலைச் சமன்செய்ய நிரப்பிய நீரோடு அது வந்திருக்கலாம் என்பர். தன்னைத் தானே கருக்கட்டவல்ல அது பல்கிப் பெருகி, மீன்களின் இரையையும் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டது. அளவிறந்த மீன்பிடியும் உடன் சேர, அப்பத்தாண்டின் இறுதியில் அங்கு நெத்தலி பிடிபாடு பெரிதும் வீழ்ந்தது. அதனை இழுதுமீனென எண்ணி, அதன் இளநிலையை அழிப்போம் எனப் பாறைகளிலே தேடுவோர் யாதுங் காணார். இறுதியில் அதனை அடக்கியதும் மற்றொரு சீப்பு இழுதே. தன் இனத்தையே இரையாகக் கொள்ளும் பெரோ என்பது 1997இல் கருங்கடலை அடைந்தபின் நெமியொப்சிசின் தொகை குறைந்தது.

பெயரும் தோற்றமும் நம்மை ஏமாற்றுவது புதிதன்று. வௌவால் பறவையன்று, திமிங்கிலம் மீனன்று, இழுதுமீனும் மீனன்று. தொல்காப்பிய மரபியலும் உயிர்களை வகுக்கும்பொழுது உருவத்தைக் கொள்ளாது அறிவின் அளவையே கொண்டது. இதனை வகுப்பிலே பன்முறை கற்பித்த நாமே, போத்தலின் முன் அதை மறந்தோம்.

அம்மாணாக்கன் இன்று பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அன்று கூறாது விட்ட விடை இதுவெனக் கொள்வானாக. கடற்கரை செல்லும் இளையோர்க்கும் ஒன்று கூறுவோம். பளிங்கு போன்ற உயிரைக் கண்டால், முதலில் எட்டு வரிசைச் சீப்புகள் உளவோ என நோக்குங்கள். நன்கு தெளியுமுன் கையால் தொடாதீர்கள். கரையொதுங்கி இறந்த இழுதுமீனும் கொட்டும்.