திருத்துகிறார்களா, வதைக்கிறார்களா?

"பையனை விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் வந்து பார்க்காதீங்க!" போதை மறுவாழ்வு இல்லத்தில் இப்படிச் சொன்னால் சம்மதிக்கலாமா?

'கெட்ட சகவாசத்திலிருந்து பிரிப்பது நல்லதுதானே?' என்பீர்கள். வாஸ்தவம். நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், கண்காணிப்பு எல்லாம் தேவைதான். நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்; அந்தக் கட்டத்தில் எங்கள் சூரணம் போதாது, ஆஸ்பத்திரிதான் வேண்டும்.

ஆனால் அடி, சங்கிலி, இருட்டறை, கட்டாய மொட்டை... இவை வைத்தியமல்ல, வதை. போதையால் வரும் மனநோய்களுக்கும் பொருந்துகிற 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியையும் தனிமைச் சிறையையும் தடுக்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளையைச் சேர்த்தால், பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் துணையோ கூடவே தங்க வேண்டும் என்கிறது.

ஆகவே, 'வராதே' என்று கதவைச் சாத்தும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். போதையும் ஒரு நோய்தான். காய்ச்சல்காரனை யாராவது அடிப்போமா?