பள்ளத்தாக்குக்கு முன்னால் நன்மங்கலம்

சேலையூர்,
ஆனி மாதம்.

அன்புள்ள கண்ணம்மா,

நீயும் உன் தோழிகளும் காரிலேயே வடக்கே கிளம்பி, வழியில் கூடாரம் போட்டுத் தங்கி, உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு வரை போகப் போகிறீர்கள் என்று உன் அப்பா சொன்னான். சந்தோஷமாகப் போய் வா. ஆனால் அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கியிருக்கிறாயாம். அதுதான் என் மனசுக்கு ஒப்பவில்லை.

பிராங்க் ஸ்மைத் என்ற மலையேறி 1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பும் வழியில் தற்செயலாக அங்கே இறங்கினார். கண்டது போதவில்லை. 1937-ல் மறுபடி போய், கூடாரமிட்டுத் தங்கி, செடி செடியாகப் பார்த்துச் சேகரித்த பிறகுதான் புத்தகம் எழுதினார். இன்று அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. உள்ளே இரவு தங்க விடமாட்டார்கள். வண்டி புல்னா வரைதான், அப்புறம் காங்கரியாவுக்கு நடை. அங்கே மூன்று இரவாவது தங்கு. தினமும் காலையில் உள்ளே போய் ஓரிடத்தில் உட்கார். பாறை இடுக்கிலிருந்து பைக்கா, வாலில்லாத அந்தக் குட்டி முயலினம், பேச்சுச் சத்தம் அடங்கினால்தான் வெளியே வரும்.

உட்காருவதற்கும் பழக்கம் வேண்டும். அதை இங்கேயே பழகிக்கொள். வேளச்சேரி சாலையில் தினமும் தாண்டிப் போகிறாயே, அந்த நன்மங்கலம் காப்புக்காடு, நம் ஆட்கள் வெறும் முள்ளுக்காடு என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அங்கே கைவிட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தை பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்கும். கண் பழகினால்தான் தெரியும். தரையோடு தரையாக விஷ்ணுகிரந்தி நீலமாகப் பூத்திருக்கும். விரல் நகத்தை விடச் சிறிய பூ. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், அதனால் காலையிலேயே போ. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போ. இந்தப் பூவைக் குனிந்து பார்த்தவளுக்குத்தான் மலர்ப் பள்ளத்தாக்கில் நீலப் பாப்பிப் பூவைப் பார்க்கிற பொறுமை இருக்கும். அதன் தண்டெல்லாம் முள். இதழோ தொட்டால் உதிரும். தொடாதே.

இன்னொன்று. நம் வீட்டுப் பின்கட்டில் பாட்டி வளர்த்த காசித்தும்பை நினைவிருக்கிறதா? காயைத் தொட்டதும் வெடிக்கும் என்று துள்ளுவாயே! அதன் உறவுச் செடி அந்தப் பள்ளத்தாக்கில் ஆளுயரத்துக்கு நின்று, சரிவு முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும். காயைப் பார்த்ததுமே நீ கண்டுகொள்வாய்.

1939-ல் செடி சேகரிக்கப் போன ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண் அங்கே பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். கல்லறை அங்கேயே இருக்கிறது. படத்துக்காகப் பாதையை விட்டு இறங்காதே. கீழே கூடாரம் போடுகிற இடத்தில் சாப்பாட்டை உள்ளே வைத்துக்கொண்டு தூங்காதே. கரடி நடமாடும் மலை அது.

ரிஷிகேஷுக்கு மேலே ஆடி, ஆவணி மழையில் மண் சரிந்து சாலை அடைபடும். இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள், இருட்டிய பிறகு வண்டி ஓட்டாதே. கூடுதல் நாட்களுக்கு ஆகும் பணத்தை நான் அனுப்புகிறேன். அப்பாவிடம் கேட்க வேண்டாம்.

உன்,
அத்தை