சிறு முதலும் பெரு முயற்சியும்

கைம்முதல் குறைந்த வணிகர் வாடிக்கையாளரைத் தேடுவது எவ்வாறு? கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலீட்டில் தொழில் தொடங்கினார். தம் தந்தையார் சின்னி கிருஷ்ணன் காட்டிய வழியில், 'சிக்' ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்றார்.

அந்நாளில் சிற்றூர் மக்களுள் பலர் ஷாம்புவைப் பயன்படுத்தி அறியார். ஆகவே, அவருடைய ஆட்கள் ஊர்தோறும் சென்று, சிறுவர்களின் தலையை மக்கள் நடுவே கழுவிக் காட்டினர். கூந்தலின் மென்மையைக் கண்டோர் தாமும் வாங்க விரும்பினர்.

எந்த ஷாம்புவின் வெற்றுறைகளாயினும் ஐந்து தருவோர்க்குச் 'சிக்' உறை ஒன்று இலவசம் என்றும் அறிவித்தார். பிற ஷாம்புகளை வாங்கியோரும் இதனால் 'சிக்'கைச் சோதித்துப் பார்த்தனர். பின்னர், 'சிக்' வெற்றுறைகளை மட்டுமே ஏற்றார்; விற்பனை பெருகியது.

மாணவர்களே! பணம் குறைவாயின், மக்கள் இருக்குமிடம் நாடிச் செல்லுதல் வேண்டும். பொருளின் நன்மையை அவர்கள் கண்முன் காட்டுதல் வேண்டும். ஆயினும், பொருள் நல்லதாயின் மட்டுமே வந்தவர் மீண்டும் வருவர்.